சிவப்பு ரப்பர் போட்ட பொட்டலம்

டீ நன்றாக இருக்கிறது மேடம். டம்ளரை மட்டும் இன்னொரு தடவை தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள், விளிம்பில் பழைய கறை இருக்கிறது. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பதினோரு வருஷம் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவன் நான். பார்க்காதே என்றாலும் இந்தக் கண் பார்த்துவிடும்.

என் பெயர் குருமூர்த்தி. ஓமலூர் பக்கம். மூக்கண்டப்பள்ளியில் காவேரி மெஸ் என்னுடையது. காவேரி என் சம்சாரம். சமையல் அவள் பொறுப்பு, சுத்தம் என் பொறுப்பு. நீங்கள் நாராயணப்பனைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் நாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாய் இல்லாவிட்டால் நமக்குள் இந்தப் பேச்சே வந்திருக்காது.

நாராயணப்பன் எங்கள் தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கிற லேத் பட்டறைக்கு வாட்ச்மேன். தளி பக்கத்து ஆள், அறுபதைத் தாண்டியவர், பேச்சில் பாதி கன்னடம். செம்பட்டை நிறத்தில் ஒரு தெருநாயை வளர்த்தார். கெம்பா என்று கூப்பிடுவார். மத்தியானம் அவர் சாப்பிட வந்தால் அதுவும் கூடவே உள்ளே வந்து மேஜைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். ஷிப்டு முடிந்து வருகிற பையன்கள் அதற்கு எலும்பு போடுவார்கள். எலும்பு போட்ட கையாலேயே என் தண்ணீர் ஜக்கைத் தூக்குவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நான் சிரிக்க வேண்டுமாம்.

ஒருநாள் வாசலில் போர்டு மாட்டினேன்: நாய்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. இதில் என்ன தப்பு மேடம்? சாப்பாட்டுக் கடை என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா? விருதுநகர்க்காரன் முத்துக்குமார், வாய் கொஞ்சம் நீளம், அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"அண்ணே, அது பைரவர் வாகனம்ணே. பாவம் சேத்துக்காதீங்க."

"வாகனம்னா வெளியில ஸ்டேண்டு போட்டு நிறுத்துப்பா. உன் பைக்க உள்ளாரயா கொண்டாந்து வெக்கற?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நாராயணப்பன் சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். "அது வரலேன்னா நானும் வரல்லே குரு. உன் கடை, உன் இஷ்டம்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னவோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாளிலிருந்து அவர் வாசல்படிக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டார். பக்கத்தில் நாய். அதோடு விட்டதா என்றால் இல்லை. முத்துக்குமார் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து நாலு பேர். உள்ளே ஃபேனுக்குக் கீழே மேஜைகள் பளபளவென்று காலியாகக் கிடக்கும். வெளியே வெயிலில் பத்துப் பேர் நாயோடு பந்தி போட்டிருப்பார்கள். அந்த நாய்க்கு ஒருநாள் முத்துக்குமார் எலுமிச்சை ஊறுகாய்த் துண்டைப் போட்டான். அது முகர்ந்து பார்த்து நாலு தும்மல் போட்டு ஓடியே போய்விட்டது. தெருவே சிரித்தது. அதன் பிறகு ஊறுகாய்க் கிண்ணத்தைக் கண்டாலே எழுந்து தள்ளிப் படுக்கும். நாயின் சங்கதி இவ்வளவு எனக்கு எதற்கு என்று கேட்கலாம். கண்ணில் படுகிறதே, என்ன செய்ய?

பிறகுதான் அந்தப் பெயர் வந்தது. ஒரு ஆள் போனில் ஆர்டர் கொடுக்கிறான், "நாய்க்கடைதானுங்களே?" என்று. காவேரி மெஸ் என்று பெயர் வைத்து, நாளுக்கு மூன்று தடவை பினாயில் போட்டுத் துடைக்கிறவன் நான். வயிறு எரிந்தது மேடம். பொய் சொல்லவில்லை, நன்றாக எரிந்தது. காவேரியிடம் சொன்னேன். "சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, உடுங்க," என்றாள். அவளுக்கு அந்த நாய் மேல் கொள்ளைப் பிரியம்.

ஆடி பிறந்தபோது நாராயணப்பன் சாப்பிட வருவதை நிறுத்தினார். பட்டறை முதலாளி சம்பளம் போடவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பந்தி கலைந்தது. ஆனால் தினமும் மூன்றரை மணிக்கு, கூட்டம் ஓய்ந்த பிறகு, அவர் மட்டும் பின்வாசலில் வந்து நிற்பார். "கெம்பாவுக்கு மிஞ்சினது இருந்தா குடும்மா," என்று காவேரியைக் கேட்பார். அவள் சட்டியடிச் சோற்றைக் கட்டிக் கொடுப்பாள். "கொழம்பத் தனியா கட்டும்மா, கலந்தா அது திங்காது," என்பார். ஊறுகாயும் ஒரு துண்டு வைப்பாள். ஏன் என்று நான் அவளைக் கேட்டதில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். அந்தப் பொட்டலத்துக்குச் சிவப்பு ரப்பர் போடச் சொன்னேன். கம்பெனியில் கழித்த பீஸுக்குச் சிவப்புப் புள்ளி வைத்துச் சிவப்புத் தொட்டியில் போடுவோம். நல்ல பீஸோடு அது கலக்கவே கலக்காது. அந்தப் பழக்கம். நாய்க்குப் போகிற சோறு மனிதருக்குப் போய்விடக் கூடாது பாருங்கள்.

போன புதன்கிழமை காவேரி தங்கச்சி மகள் வளைகாப்புக்குப் பர்கூர் போயிருந்தாள். அங்கிருந்து போன் செய்தாள்.

"நாராயணப்பன் அய்யா வந்தாருன்னா பொட்டலத்தக் கட்டிக் குடுங்க. கொழம்பு தனியா. ஊறுகா வெக்க மறந்துடாதீங்க."

"செரி," என்றேன்.

எலிக்கு வாங்கிய மருந்து ஸ்டோர் ரூமில் இருந்தது. அதைக் குழம்பில் கலந்தேன். கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன். சிவப்பு ரப்பர் போட்டேன். பதற்றம் எதுவும் இல்லை. தெருநாய் ஒன்று போனால் தெரு சுத்தமாகும் என்றுதான் இருந்தது.

அவர் வந்தார். நானே நின்று கொடுத்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நீயே கட்டினியா குரு? கோவம் போச்சா?" என்றார். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "கெம்பா குடுத்து வெச்சவன்."

சாயங்காலம் ஆறு மணிக்கு நாய் வந்தது. தனியாக வந்தது. போர்டு மாட்டிய நாளிலிருந்து படியைத் தாண்டாத நாய், நேராக உள்ளே வந்து என் வேட்டியைப் பல்லால் பிடித்து இழுத்தது. வாசலுக்கு ஓடும், திரும்பிப் பார்க்கும், மறுபடி வந்து இழுக்கும். உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்த்ததும் மருந்து போலி என்றுதான் நினைத்தேன். கடைக்காரன் ஏமாற்றிவிட்டானே என்று கோபம்கூட வந்தது. பட்டறை அங்கிருந்து நூறு அடிதான். வாளித் தண்ணீரை அதன் மேல் வீசினேன். போகவில்லை. துடைப்பக் கட்டையால் விரட்டிவிட்டு ஷட்டரை இறக்கினேன். வெளியே நின்று வெகுநேரம் ஷட்டரைப் பிராண்டிக்கொண்டிருந்தது.

அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். விடிந்த பிறகு முதல் ஷிப்டுக்குப் போன முத்துக்குமார்தான் வாட்ச்மேன் ரூமில் அவரைப் பார்த்திருக்கிறான். நாய் அவர் காலடியில் கிடந்ததாம், ஈரத்தோடு. ஆனால் மேடம், நாய் உள்ளே வரக் கூடாது என்று போர்டு வைத்தவன் நான். அது வந்து கூப்பிட்டது என்பதற்காக நானே விதியை மீறினால், அப்புறம் போர்டு எதற்கு?

நேற்று காவேரி இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். போர்டைக் கழற்றி அடுப்பில் வைத்துவிட்டாளாம். கெம்பா இப்போது கடைக்குள்தான் படுக்கிறதாம், மேஜைக்கு அடியில், பழைய இடத்திலேயே. முடி உதிர்கிற நாய் அது. யாராவது சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்பதும் காவேரி கேட்ட அதே கேள்விதான். தெரிந்து கொடுத்தீர்களா, தெரியாமல் கொடுத்தீர்களா. நான் ஆரம்பத்திலிருந்தே ஒன்றைத்தான் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நாய்க்கென்று கேட்டார், நாய்க்கென்றுதான் கட்டினேன். மனிதர் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. சோறு தனி, குழம்பு தனி, சிவப்பு ரப்பர். காவேரி சொன்னபடி ஊறுகாயும் மறக்காமல் வைத்தேன்.