பின்னால் நின்றவர்

ஜெபா: குப்புறப் படுங்க. பாதம் ரெண்டும் கட்டிலுக்கு வெளிய தொங்கட்டும்... அவ்ளோதான்.

பாஸ்கர்: மருந்து எழுதிக் குடுங்க டாக்டரம்மா, போதும். இதெல்லாம் இன்னாத்துக்கு?

திலகவதி: சும்மா படுண்ணா. ரெண்டு மாசமா நொண்டிக்கினே வயலுக்குப் போற.

பாஸ்கர்: ஏன் நொண்டுறேன்னு சொல்லேன். உன் ஊட்டுக்காரன் உதைச்சதைச் சொல்லேன்!

ஜெபா: யாரு உதைச்சது?

பாஸ்கர்: தோ நிக்கிறாளே என் தங்கச்சி திலகவதி, இவ புருஷன் அன்புசெல்வன். திருவிழாவுல சாமி தூக்கிக்கினு போறோம். நான் முன்னாடி, அவன் எனக்கு நேர் பின்னாடி. எறக்கி வெச்ச சாமியைத் திரும்பத் தூக்கி எழுந்திருக்கும்போது, பின்னங்கால்ல ‘பட்’டுன்னு ஒரு உதை. சாமியே சாஞ்சிடுச்சும்மா. ஊரே பாத்துச்சு.

ஜெபா: அவரு எதுக்கு உங்களை உதைக்கணும்?

பாஸ்கர்: அன்னிக்குக் காலையிலதான் மோட்டார் தண்ணிக்குச் சண்டை. ‘பாத்துக்கிறேன் மச்சான்’னு சொல்லிட்டுப் போனான். பாத்துக்கினான்.

ஜெபா: சரி... ஆடாதீங்க. கெண்டைக்கால் சதையை அமுக்குறேன். திலகவதி, நீங்களும் பாருங்க. இது நல்ல கால். அமுக்கினா பாதம் தன்னால அசையுது. இப்ப வலிக்கிற கால்...

திலகவதி: அசையவே இல்ல மேடம்!

ஜெபா: அந்தச் சதையைக் குதிகாலோட கட்டிப் புடிச்சிருக்கிற பெரிய நார் ஒண்ணு இருக்கு. அது அறுந்திருக்கு. இங்க தடவினா பள்ளமா தெரியுது.

பாஸ்கர்: அதத்தான் நானும் சொல்றேன். நாரு அறுந்து போற மாதிரி உதைச்சிருக்கான்.

ஜெபா: அன்னிக்குத் தோல்ல சிராய்ப்பு ஏதாவது?

பாஸ்கர்: வீங்குச்சு... சிராய்ப்புன்னு ஒண்ணும் இல்ல.

ஜெபா: இந்த நார் அறுந்து வர்றவங்க நெறைய பேரு, யாரோ பின்னாடி உதைச்சாங்கன்னுதான் சொல்லுவாங்க. போன மாசம் ஒருத்தர், ஷிப்ட் முடிஞ்சு ரயிலைப் புடிக்க ஓடியிருக்காரு. உதைச்சிட்டாங்கன்னு திரும்பிக் கன்னாபின்னான்னு திட்டியிருக்காரு. பின்னாடி வெறும் சுவரு!

பாஸ்கர்: ...திலகா, இந்த ஆஸ்பத்திரியை உனக்கு யாரு காட்டுனது?

திலகவதி: இன்னாண்ணா கேக்குற?

பாஸ்கர்: கும்மிடிப்பூண்டில வேற டாக்டரே கெடைக்கலியா? அவன்தான சொல்லி அனுப்புனான்? போன்ல பேசிக்கினு கீறியா?

திலகவதி: அவரு என் போனை எடுத்தாதான! பஞ்சாயத்துல உன் கால்ல விழ வெச்சாங்களே, அன்னிக்கு திருவாலங்காட்டுக்கு அவங்கம்மா ஊட்டுக்குப் போனவரு. பூமிகா ‘அப்பா எங்க’ன்னு டெய்லி கேக்குது. நான் இன்னான்னு சொல்ல?

பாஸ்கர்: அதான பாத்தேன்! புருஷன் வரணும்னு நீ கட்டுன நாடகமா இது? டாக்டரம்மா, இவ முன்னாடியே வந்து உங்களாண்ட பேசிட்டுப் போனாளா?

ஜெபா: நான் இவங்களை இப்பதான் பாக்குறேன். சரி, நான் நடிக்கிறேன்னே வெச்சுக்குங்க. உங்க பாதம் எனக்காக நடிக்குமா? எழுந்திருங்க. இந்த ஒத்தக் காலை ஊணி எக்கி நில்லுங்க.

பாஸ்கர்: ...முடியலியே.

ஜெபா: முடியாது. பாரத்தோட எழுந்திருக்கும்போது தன்னாலயே அறுந்திருக்கும். சத்தம் கேட்டுதா?

பாஸ்கர்: கேட்டுச்சு... உதை வுழுந்த சத்தம்னு...

ஜெபா: நார் அறுந்த சத்தம் அது. அப்பவே வந்திருந்தா பாதத்தைக் கீழ்ப்பக்கம் சாய்ச்சுக் கட்டுப் போட்டே சேத்திருக்கலாம். இப்ப ஆபரேஷன் பண்ணித்தான் தைக்கணும். வயல்ல எறங்க மாசக்கணக்குல ஆகும்.

பாஸ்கர்: அப்ப... யாரும் உதைக்கலன்றீங்க?

ஜெபா: உதைச்ச மாதிரி தெரியல. அவரு தோள்லயும் பாரம்தானே? ஒரு காலைத் தூக்கியிருந்தா அவரே விழுந்திருக்க மாட்டாரா?

பாஸ்கர்: இல்ல மேடம்... சாட்சி கீது. இவளே பாத்தா. ஊர் முன்னாடி கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணா. சொல்லு திலகா.

திலகவதி: நான் ஒண்ணு கேக்குறேன்ணா.

பாஸ்கர்: இன்னாது? சொல்லு!

திலகவதி: நீ திரும்பிப் பாத்தப்போ அவரு காலு எங்கண்ணா இருந்துச்சு?

பாஸ்கர்: ...கீழதான். ரெண்டு காலும் கீழதான் இருந்துச்சு. பல்லைக் கடிச்சிக்கினு, சாமியை வுடாம தாங்கிக்கினு நின்னாரு. எனக்கே சந்தேகம்தான் திலகா. பஞ்சாயத்துல ‘தெரியல’ன்னு சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ ‘நான் பாத்தேன்’னுட்ட. கட்டுன பொண்டாட்டியே சொல்றாளே, பொய்யாவா இருக்கும்னு நம்பிட்டேன்.

திலகவதி: நான் பூமிகாவுக்கு வளையல் வாங்கிக்கினு நின்னேன்ணா. அந்தப் பக்கமே பாக்கல. கூடப் பொறந்தவன் பொய் சொல்ல மாட்டான்னு நம்பித்தான் கற்பூரத்தை அணைச்சேன்.