விரல், கண், கால்

— சொன்னதைத்தான் எழுதிக்கிறேன்மா. விபத்து நடந்தது மார்ச் பதினாலு, வெள்ளி, காலை பத்து இருபது. வெளியில தூறல்.

— தூறலுக்கும் என் வீட்டுக்காரர் விரலுக்கும் என்ன சார் சம்பந்தம்? விபத்து நடந்தது கூரைக்குக் கீழ.

— எங்க தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸ் படிவத்துல வானிலைக்கு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா மேலிடத்துலேர்ந்து திருப்பி அனுப்புவாங்க.

— பக்கத்துக் கட்டத்துல?

— விபத்தின் வகை: கவனக்குறைவு.

— விசாரிக்கிறதுக்கு முன்னாடியேவா?

— பழுது பாக்கற மெக்கானிக்கே கையை உள்ள விட்டா, வேற என்னன்னு எழுதுறது?

— தகரம் வளைக்கிற பிரஸ், ஸ்விட்சை அணைச்ச பிறகு தானா இறங்கியிருக்கு.

— மெஷின் மேல பழி போடறவங்களைப் பதினொரு வருஷமா பாக்கறேன்.

— மூடி மறைக்கிறவங்களை நானும் பாத்திருக்கேன். அந்தக் கம்பெனியோட பழைய ஃபைலை எடுங்க.

— எடுத்தா? விரல் ஃபைல், கண் ஃபைல், கால் ஃபைல். எல்லாம் வகைவகையா, தேதிவாரியா இருக்கு.

— உடம்பை வச்சா பிரிச்சிருக்கீங்க?

— காயத்தை வச்சு. எந்த டாக்டர்கிட்ட அனுப்பணும்னு உடனே தெரியுமில்ல?

— கசாப்புக் கடையிலதான் சார் இப்படிப் பிரிப்பாங்க.

— வார்த்தையை அளந்து பேசுங்க.

— மெஷின் நம்பரை வச்சு ஒரு தடவை அடுக்கிப் பாருங்க.

— பாத்து என்ன ஆகப்போகுது?

— ஒண்ணும் ஆகாதுன்னா ஏன் தயங்குறீங்க?

— சரி... விரல், ஒம்பதாம் நம்பர். விரல், நாலு. கண், சில்லு தெறிச்சது, நாலு. கால்... அதுவும் நாலு. இன்னொரு விரல், நாலு.

— நிறுத்தாதீங்க. முழுசா எண்ணுங்க.

— உங்க வீட்டுக்காரரோட சேத்து ஏழு பேர். ஒரே மெஷின். மூணு ஃபைல்ல பிரிஞ்சு கிடந்ததால கண்ணுல படலை.

— படலையா, படாம வச்சாங்களா?

— படலைம்மா. இந்த அடுக்கு நான் போட்டது.

— திங்கக்கிழமை அதே மெஷின்ல புதுசா ஒரு பொண்ணை நிறுத்தப்போறாங்க.

— இருங்க. முதல் ஆறு காகிதத்துலயும் அடியில ‘பழுது பாத்தாச்சு, ஓட்டலாம்’னு இருக்கு. கையெழுத்து... உங்க வீட்டுக்காரரோடது.

— மெஷினை நிறுத்துங்க சார்.

— மெஷின் மேல பழியைப் போட்டு இதை அமுக்கத்தான் வந்தீங்களோன்னு எனக்கு இப்போ சந்தேகமா இருக்கு. நிறுத்தினா அவர் பேரையும் எழுதியாகணும். வேலை போகும், வழக்கும் வரும்.

— எழுதுங்க.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா.

— யோசிச்சாச்சு.

— இந்தாங்க உத்தரவு. மெஷினுக்கு இன்னிக்கே சீல். கையெழுத்துப் போட்டுட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அந்த ஆறும் அவர் கையெழுத்துன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— அவர்தான் சார் என்னை அனுப்பினார். வந்ததும் அதைச் சொல்லியிருந்தா, அவரை மட்டும் எழுதி ஃபைலை மூடியிருப்பீங்க. மெஷின் ஓடிக்கிட்டே இருந்திருக்கும்.