லேமினேஷன் போட்ட ஹார்மோன்

கீழ்பென்னாத்தூர் பஸ் புறப்படக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், லேமினேஷன் போட்ட ரத்தப் பரிசோதனைத் தாளைப் பக்கத்திலிருந்த நண்பரிடம் நீட்டினார்.

"பாருப்பா. ஆம்பள ஹார்மோன். நார்மல்னு போட்டிருக்கான்."

"இதுக்கு எதுக்கு லேமினேஷன்?"

"வீட்ல எனக்கு அது கம்மியாயிடுச்சுன்னு பேச்சு. கசங்காம இருக்கட்டும்னுதான்."

"அப்போ எல்லாம் சரியாயிடுச்சா?"

"அது எங்க. அப்படியேதான் இருக்குது."

"பின்ன நார்மல்ங்கற?"

"ஹார்மோன் சரியா இருந்தாலும் அது நடக்காம போகலாமாம். டாக்டர் சொன்னாரு. ரத்த ஓட்டம்கறாரு, பீடிய விடுங்கறாரு. எப்படியோ, ஹார்மோன் மேல தப்பில்ல."

நண்பர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்னால் லேடீஸ் சீட்டிலிருந்த அம்மாள் திரும்பாமலே பேசினார். அவர்தான் மனைவி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, அதைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம் சர்க்கரை முந்நூறுன்னு இருக்கும். அதுக்கும் சேத்துதான் லேமினேஷன் போட்டு வெச்சிருக்காரு."