நேட்டன்ட் என்னும் சொல்லும் மூடப்படப்போகும் மிதவை வகுப்பும்

மேடையின் நடுவே, மின்விசிறிக்கு நேர்கீழே வீற்றிருக்கும் நீச்சல் சங்கத் தலைவர் அவர்களே! பதக்கம் குலுங்க வந்திருக்கும் பந்தய வீரர்களே! ஈரத் தலையோடு ஓடிவந்து இடம்பிடித்த தாய்மார்களே! மூட்டுவலியை மூட்டைகட்டி வைத்துவிட்டு வந்திருக்கும் முதியோர்களே! என்னை மேடையேற்றிவிட்டு இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளரே! அனைவருக்கும் வணக்கம்.

இன்று ஓர் ஆங்கிலச் சொல்லோடு வந்திருக்கிறேன். நேட்டன்ட்! எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் தோற்று ஓடிவிட்டது. ஆனாலும் அகராதியை அட்டைமுதல் அட்டைவரை அரைத்துக் குடித்தவன் நான். நேட்டன்ட் என்றால் மிதக்கின்ற, நீர்மேல் கிடக்கின்ற என்று பொருள். அரிய வழக்கு என்று ஓரத்தில் ஒதுக்கிவிட்டார்கள். யார்தான் இந்தச் சொல்லை வழங்குகிறார்கள்? செடிகொடி படித்தவர்கள். குளத்தின்மேல் தட்டையாகக் கிடக்கிறதே அல்லி இலை, அது நேட்டன்ட் இலை.

அந்த இலை எங்காவது போகிறதா? அக்கரை தொட்டுத் திரும்புகிறதா? பதக்கம் வாங்குகிறதா? அதற்காக எந்த அறிஞராவது, "இந்த இலை தேறாது, பிடுங்கி எறி" என்றாரா?

நம் சங்கம் சொல்கிறதே ஐயா! என் அக்கா மகள், நீங்கள் தவளை டீச்சர் என்று அழைக்கிறீர்களே அவள்தான், தண்ணீரைக் கண்டு நடுங்குகிறவர்களுக்கு மிதக்கக் கற்றுத்தருகிறாள். போன கூட்டத்தில் என்ன பேசினீர்கள்? "மிதக்கிறதெல்லாம் நீச்சலா? பந்தயத்துக்கு ஒரு ஆள்கூட தேறல. இந்த மாசத்தோட வகுப்ப மூடிடலாம்." கேட்டதும் தலையில் அடித்துக்கொள்வதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்றே எனக்குத் தெரியவில்லை. தவறி விழுந்து தத்தளிப்பவனிடம், "தம்பி, எத்தனை நொடியில கரைக்கு வருவ?" என்றா கேட்பீர்கள்? அவன் முதலில் மிதக்க வேண்டும் ஐயா, மிதக்க வேண்டும்!

என்ன அங்கே, பின்வரிசையில்? "சுருக்கமா பேசுங்க மாமா"வா? சுருக்கமாகப் பேச நான் என்ன தந்தியா?

இதோ தையற்கடை அம்மா அமர்ந்திருக்கிறார். வாளித் தண்ணீரையே தள்ளி நின்று பார்த்தவர். முதல் நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு மல்லாந்தவர், "டீச்சர், விட்டுடாதீங்க! விட்டீங்கன்னா உங்க ஜாக்கெட்ட ஜென்மத்துக்கும் தெச்சுத் தர மாட்டேன்!" என்று அலறினார். என் அக்கா மகள் படிக்கட்டில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் விட்டு ரொம்ப நேரமாச்சுக்கா."

அந்த அம்மா கண்ணைத் திறந்து பார்த்த பார்வை இருக்கிறதே! எந்தப் பதக்கம் ஐயா அதற்கு ஈடு?

என்னையே எடுத்துக்கொள்ளுங்களேன். இறங்கிய அன்றே மல்லாந்தேன். வயிற்றின்மேல் தேநீர்க் கோப்பை, கையில் செய்தித்தாள், தலையங்கம் முடியும்வரை அசையாமல்... யாரது எழுந்து நிற்பது? என் இல்லத்தரசி!

"என்னங்க, மனசாட்சி இருக்கா உங்களுக்கு? மூணு மாசமா குளத்தோரக் கம்பியில இருந்து கைய எடுக்கவே இல்லையே நீங்க! கம்பிதான் தேஞ்சு போச்சு!"

சிரியுங்கள். வயிறு வலிக்கச் சிரியுங்கள். ஆனால் தலைவர் அவர்களே, கேட்டீர்களா? தொண்டை கிழிய நான் கத்துவதும் அதைத்தானே! ஊரையே வாயால் வளைப்பவன், நெஞ்சளவு தண்ணீரில் கம்பியை விடவே அஞ்சுகிறேன். கட்டிய மனைவியே சாட்சி! வகுப்பை மூடினால் நான் எங்கே போவேன்? என்னைப்போல் இன்னும் கம்பியைப் பிடித்திருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள் பார்ப்போம்! வெட்கம் என்ன? பாருங்கள் ஐயா, பாதி அரங்கம் நிற்கிறது! இத்தனை பேரையும் பாதித் தண்ணீரில் விட்டுவிட்டா கதவைப் பூட்டப்போகிறீர்கள்?

தலைவர் ஏதோ சொல்கிறார். அமைதி, அமைதி.

"ஐயா சாமி! நீங்க கைய எடுக்கிற வரைக்கும் வகுப்பு நடக்கும். இப்ப அந்த மைக்க விடுங்க!"

கைதட்டுங்கள் தாய்மார்களே! வாக்களித்த தலைவருக்கும், மானத்தை வாங்கி வகுப்பை மீட்டுத்தந்த மனைவிக்கும், நின்று காட்டிய நெஞ்சங்களுக்கும் நன்றி. மைக்கை இதோ விட்டுவிட்டேன் தலைவரே. கம்பியை மட்டும் அவசரப்பட்டு விடமாட்டேன்!

வணக்கம்.