எண்ணக் கூடாத பிள்ளைகள்

குறைந்த படிப்புள்ள நான் பிறர் கதையை எழுதுவது பிழையென்றால் மன்னியுங்கள். உப்புவெளி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். இளையவர் நைஜீரியாவில் தாதி, லீவில் வந்திருந்தார்.

"அங்க பிள்ளையளை எண்ணக் கூடாது அக்கா."

"ஏனடி?"

"எண்ணினா பிள்ளைக்கு ஆகாதாம். அதால கணக்கெடுக்க வீடு வீடாப் போனா பேரைத்தான் கேப்பம். செத்த பிள்ளையளையும் சேர்த்துச் சொல்லுவினம். என்ன வருத்தத்தில செத்தது, காய்ச்சலோ இருமலோ எண்டு பிறகு எழுதுவம்."

"பேர் கேக்கிறதுக்கோ கடல் கடந்து போனனி? என்னட்டயும் கேள் பாப்பம்."

தங்கை உத்தியோகக் குரலில் கேட்டார். "உங்கட பிள்ளையளின்ட பேர் என்னம்மா?"

"ரவி, சாந்தி." அக்கா யன்னல் பக்கம் திரும்பினார். "மாலா."

"மாலா ஆர்?"

"நீ போன பிறகு பிறந்தவள். பிறந்ததை உனக்கு எழுத முந்தியே காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்க வழியிலயே முடிஞ்சுது. நீ தனிய இருந்து அழுவாயெண்டு அம்மா பிறகும் ஒண்டும் எழுத விடேல்ல."

"என்ன காய்ச்சலக்கா?"

"ஒருத்தரும் கேக்கேல்ல. எனக்கும் தெரியாது."

கொண்டக்டர் உப்புவெளி என்று இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் இருவரும் எழுந்தார்கள்.

அடுத்த நாள் காலை அதே பஸ்ஸில் அவர்கள் வந்தார்கள். சுடலையடியில் இறங்கினார்கள்.