நல்ல தண்ணி சாம்பிள்

ஷூவ கழட்ட மாட்டீங்களா? அப்ப கரையிலயே நில்லுங்க மேடம், ஏரி எழுந்து வந்து உங்க பாட்டில்ல ஊத்தும்.

என்னா, மதகுகிட்ட மொண்டா போதுமா? நேத்துதான் அதுல ஆத்துத் தண்ணிய தொறந்து உட்டாங்க. அத மொண்டுக்கினு போயி ஏரி சுத்தம்னு எழுதுவீங்க. பவுடர் பூசுனவன குளிச்சவன்னு சொல்ற ஆளுங்கதான நீங்க.

தோ, வடக்கு மூலைய பாருங்க. கம்பெனி கழிவுக் கால்வா வந்து உழுவுற எடம். டிகாஷன் கணக்கா இருக்குதா? அங்க மொள்ளணும். தெப்பம் தெர்மாகோல்தான், முழுவாது. எங்காளுங்க இதுலதான் மீன் புடிக்கிறாங்க. ம்... புடிச்சாங்க.

சட்டுனு வாங்க, பத்தரை பஸ்ஸுக்கு நான் சிதம்பரம் போவணும்.

பழைய ரிப்போர்ட்டா? பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல தொங்குது, போயி கும்புட்டுக்குங்க. நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு மேதாவி வந்தாரு. ஜீப்ப விட்டு எறங்கல, சேறாம்! கண்ணாடிய நாலு வெரக்கட எறக்கி ரெண்டு பாட்டில நீட்டுனாரு. நல்ல தண்ணி சாம்பிள் எடுத்துக் குடுன்னாரு. அவரு ஃபாரத்துல நன்னீர் ஏரின்னு போட்டிருக்காம், அத நமக்குப் புரியிற மாதிரி சொன்னாராம். நம்மூர்ல நல்ல தண்ணின்னா என்னா மேடம்? குடிக்கிற தண்ணி. ஒரு மடையன் நேரா வூட்டுக்குப் போயி, கொடத்துல இருந்த போர் தண்ணிய மொண்டாந்து குடுத்தான். மேதாவி அதுமேல ஏரி நடுப்பகுதின்னு ஸ்டிக்கர் ஒட்டிக்கினு போயிட்டாரு. எறங்கி பாக்காதவனுக்கு ஏரி என்னா, கொடம் என்னா?

குடிக்கத் தகுந்ததுன்னு ரிப்போர்ட் வந்துது. வராம? அப்புறம் போரு உப்படிச்சிது. அதான் பேப்பர் இருக்குதேன்னு ஏரித் தண்ணிய ஊரு குடிதண்ணி டேங்க்ல ஏத்திட்டாங்க. மனு குடுத்தா கம்பெனிக்காரனும் அந்த பேப்பரத்தான் தூக்கிக் காட்டுறான். துப்புகெட்ட பசங்க.

சிதம்பரத்துலயா? எம்பொண்ணு மலர்க்கொடிக்கு வாரத்துல ரெண்டு நாளு டயாலிசிஸ். டாக்டரு மொதல்ல கேட்டதே, என்னா தண்ணி குடிக்கிறீங்கன்னுதான்.

அந்த மடையன் பேரா? எழுதிக்குங்க. கொளஞ்சி. கழிய புடிச்சிக்கினு உங்க எதுர்லதான் நிக்கிறான்.

ஷூவ கழட்டுங்க மேடம். இந்தத் தடவ நான் மொண்டு தர மாட்டேன்.