மாதப்பன் மேல போட்ட ஆணை

— மேஸ்திரி தொட்டையன்கிட்டச் சொன்னது நீதானே? மூஞ்சியப் பாத்துச் சொல்லு ஹேமந்த்.

— முதல்ல சோத்துல கை வை குரு. அவரு முழுசாச் சாப்புடுறாரான்னு பாருன்னு ஸ்ரீதேவி அண்ணி எங்கிட்டச் சொல்லித்தான் டப்பாவக் குடுத்துச்சு.

— ஓஹோ. மைசூருக்காரன் எல்லாரையும் கூப்புடுற மாதிரி குரு குருன்னு குழையாதே. எம்பொண்டாட்டி என் சோத்துக்கு உன்னைக் காவல் வெக்கிற அளவுக்கு வந்துபோச்சா? அப்ப அவகிட்டயும் நீதான் சொல்லிப்போட்ட.

— ஹௌது, ஆமா. நேத்து சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். நீ கடைக்குப் போயிருந்த. வாசல்லயே நின்னு சொன்னேன். அண்ணி அழல. உக்காந்துருச்சு, அவ்வளவுதான்.

— அதான் காலைல எனக்கு முன்னால எந்திரிச்சு, செருப்பு மாட்டுறவரைக்கும் என்னையே பாத்துட்டு நின்னாளா? கெரகம். ஏழு வருசமாக் கயித்துல தொங்கி வெளிச்சுவருக்குப் பெயிண்டு அடிக்கிறவன்டா நானு. இந்த மைசூரு விஜயநகருல பாதிக் கட்டிடம் என் கை பட்டது. இன்னிக்கு மேஸ்திரி தொட்டையன் எல்லாரு முன்னாலயும் சொல்றான், என் பேரச் சொல்லி, சுரேந்தருக்கு மேல கயித்து வேலை பேடா, வேண்டாம், கீழ பாத்ரூம் சுவத்துக்குப் பட்டி இழுக்கட்டும்னு. கலவை கலக்குற பசம்மா என்னைப் பாத்து உச்சுக்கொட்டறா, நான் ஏற்கெனவே போய்ச் சேந்த மாதிரி.

— அவன் எல்லாரு முன்னாலயும் சொல்லுவான்னு எனக்குத் தெரியாது குரு. சுரேந்தரக் கயித்துல எறக்காதீங்கன்னு மட்டுந்தான் கேட்டேன். காரணம் சொல்லாம முடியாதுன்னுட்டான். சொன்னேன். அது தப்பாப் போச்சு, ஒத்துக்கறேன்.

— பிரைமர் அடிக்கிறவன் ஒருத்தன் 'ஹுச்சா'ங்கிறான். பைத்தியங்கிறது கன்னடத்துல சொன்னா எனக்குப் புரியாதா?

— எவன் அவன்?

— எவனா இருந்தா என்ன? நம்பிச் சொன்னேன்டா உங்கிட்ட. மொட்டை மாடில, தண்ணித் தொட்டி நெழல்ல உக்காந்துட்டு. ரெண்டு மாசமாத் தூக்கமில்ல, சோறு மண்ணாட்டம் இருக்குது, எம்பொண்ணு சிரிச்சாக்கூட யாரோ பக்கத்து வீட்டுப் புள்ள சிரிக்கிற மாதிரி இருக்குது, கயித்துல எறங்கறப்ப இதோட முடிச்சுக்கலாமான்னு தோணுதுன்னு. பெத்த அம்மாகிட்டச் சொல்லாதது அது. யாருகிட்டயும் சொல்லாதேன்னேன். நீ என்ன சொன்ன?

— மாதப்பன் மேல ஆணைன்னேன்.

— மாதப்பன் மேல ஆணை. எங்க ஊரு மார்டள்ளில மாதப்பன் சாமி மலையப் பாத்து ஆணை போட்டா பங்காளிச் சண்டைகூட அன்னியோட தீந்துபோகும். கோர்ட்டுல கூசாமப் பொய் சொல்றவன்கூட மாதப்பன் பேருல சொல்ல மாட்டான்.

— எனக்குச் சொல்லித் தர்றியா? எங்கம்மா அந்த மலைப் பக்கத்து ஹனூருக்காரி. நான் மைசூருல பொறந்தவன்னாலும் முதல் முடி எறக்குனது அந்த மலைலதான்.

— தெரிஞ்சேதான் மீறுனயா?

— தெரிஞ்சதாலதான் இந்த மொட்டை.

— என்னது?

— நேத்துக் காலைல நீ கேட்டப்ப வேண்டுதல்னு சொன்னேன். வேண்டுதல் இல்ல. ஞாயித்துக்கிழமை பஸ்ஸு ஏறி மலைக்குப் போனேன். முடி எறக்கிட்டு, வரிசைல நின்னு, சாமி முன்னால கேட்டேன். சொல்ல மாட்டேன்னு உன் பேருல ஆணை போட்டுட்டேன், இப்பச் சொல்லியாகணும், என்னை விட்டுரு. தண்டனை உண்டுன்னா எனக்குக் குடு, அவனத் தொடாதேன்னு. பின்னால நின்ன கிழவரு தள்ளித் தள்ளிப் பாத்தாரு, நான் நகரல.

— அப்பறம்?

— நேத்து மத்தியானம் அந்த 14416க்குப் போன் போட்டேன். மனசு சரியில்லாதவங்களுக்குன்னு ஆஸ்பத்திரிச் சுவத்துல ஒட்டியிருப்பாங்களே, அந்த நம்பரு. தமிழ்லயே பேசுனாங்க. அந்தம்மா எடுத்ததும் கேட்டது, அவரு இப்ப எங்க இருக்காருன்னு. கயித்துலங்கன்னேன். முதல்ல அவரக் கீழ எறக்குங்க, தனியா விடாதீங்க, வீட்டுல சொல்லுங்க, டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்கன்னாங்க. நீங்க ஏன் இத்தனை நாளு பேசலைன்னு கேக்கல.

— அவங்க கேக்கல. நான் கேக்கறேன்.

— நான் சும்னே இருந்தேன்னு நெனைக்காதே குரு. நீ சொன்னது ஒரு சனிக்கிழமை. மறுநாளே மலைக்குப் போகலாம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் தைரியம் வராமத் திரும்பிட்டேன். திங்கக்கிழமைலேர்ந்து உன் கயித்துக்கு ரெண்டு ரெண்டு முடிச்சுப் போட்டேன். டீ குடிக்க எறங்கல. நீ தரையத் தொடுறவரைக்கும் கயித்தப் புடிச்சுட்டு மாடிலயே நின்னேன். உள்ளங்கையப் பாரு, தோலு உரிஞ்சு கெடக்கு.

— கயிறு அறுந்துபோகும்னா நான் உங்கிட்டச் சொன்னேன்?

— இல்ல.

— அப்பறம் எதுக்குடா முடிச்சு?

— வேற என்ன பண்றதுன்னு தெரியல. ஆணைய மீறுனா அந்தப் பாவம் உன் தலைலயே வந்து விழுந்துருமோன்னு பயம். மீறலைன்னா அதவிட பயம். ஒன்பது நாளு இதத் தூக்கிட்டே திரிஞ்சேன். எம்பொண்டாட்டிகிட்டக்கூட மூச்சு விடல. நீ என்னைத் துரோகி மாதிரி பாக்குற.

— துரோகம்தான் பண்ணிப்போட்ட.

— சரி, துரோகம்தான். நாலு மணிக்கு அண்ணி ஆட்டோ எடுத்துட்டு வரும். டாக்டரப் பாக்க நானும் வருவேன். பாத்துட்டு வந்தப்பறம் வேணும்னா என் மூஞ்சில முழிக்காதே.

— டாக்டரு காரணம் கேப்பாரு. என்னன்னு சொல்றது? குடி இல்ல, வீட்டுல சண்டை இல்ல, எம்பொண்டாட்டி தங்கமானவ. ஒரு காரணம் இருந்திருந்தா அதோடயாவது மல்லுக்கட்டியிருப்பேன்.

— காரணமே இல்லாமயும் வருமாம் குரு. மத்த நோவு மாதிரி இதுவும் ஒரு நோவுதானாம், மருந்து இருக்குதாம். அந்தம்மா சொன்னாங்க. எங்கிட்டச் சொன்னத அவருகிட்டச் சொல்லு, போதும்.

— வர்றேன். வரமாட்டேன்னு சொல்லல.

— வருவியா? அப்ப கோவம் போயிருச்சா?

— போகல. மேஸ்திரி விசயத்த விடு, அது ஒரு வாரத்துல மறந்துருவானுங்க. நீ வெளிய சொன்னதுக்கு எனக்குக் கோவமே இல்லடா.

— பின்ன எதுக்கு வந்ததுலேர்ந்து இந்தப் பேச்சு?

— போன வருசம் நான் போன் வாங்குனப்ப, டப்பாவப் பிரிக்கறதுக்குள்ள சைட்டுல அத்தனை பேருக்கும் தெரிஞ்சுபோச்சு. நம்ம சைட்டு மாரிசாமி பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தத மாரிசாமிக்கே முதல்ல சொன்னவன் நீ. உன் வாயில ஒரு சங்கதி ஒரு மணி நேரம் நிக்காது. அது தெரியாமயா உங்கிட்ட வந்து சொன்னேன்?

— என்ன சொல்ற குரு?

— ஸ்ரீதேவி முன்னால போய் நின்னா எனக்கு வாய் வரல. எத்தனையோ தடவை பாத்துட்டேன். அவ தண்ணி வேணுமாம்பா, நானும் ஆமாம்பேன். இவன்கிட்டச் சொன்னா விளக்கு வெக்கறதுக்குள்ள அவ காதுக்குப் போயிரும்னுதான் உங்கிட்டச் சொன்னேன்.

— அப்ப யாருகிட்டயும் சொல்லாதேன்னு ஏன் சொன்ன?

— யாரா இருந்தாலும் அப்படித்தான்டா ஆரம்பிப்பாங்க. வெக்கமா இருக்காதா? நான் சொன்னது அந்த ஒரு வார்த்தை. மாதப்பன நடுவுல இழுத்தது நான் இல்ல, நீ.

— குரு, நான் உனக்கு நல்லது செய்யறதா நெனச்சு...

— தினமும் வேலை முடிஞ்சு போறப்ப, இன்னிக்கு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், கதவத் தொறந்ததும் அழுவான்னு நெனச்சுட்டே படியேறுவேன். அவ, நாளைக்கு டப்பாவுக்கு என்ன வெக்கட்டும்னு கேப்பா. காலைல மறுபடியும் கயிறு. மேல நீ கல்லாட்டம் நிப்ப. அந்த மூஞ்சியப் பாத்துட்டு, இவனுக்கே நான் ஒரு பொருட்டு இல்லபோலன்னு எறங்குவேன்.

— அய்யோ.

— ஒன்பது நாளு காத்துட்டிருந்தேன் ஹேமந்த். எல்லாத்தையும் ஊருக்குச் சொல்றவன், இத மட்டும் எப்படிடா சொல்லாம இருந்த?